இடது பெருவிரல் ரேகை பெறப்படாத விவரம்

"மேற்படி இரண்டாம் எதிரி அபிதகுசாம்பாள், க/பெ துரை, வயது சுமார் நாற்பத்தைந்து, அந்நியப் பண உதவி பெற்று, ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் அப்பாவிப் பொதுமக்களை மதம் மாற்றுவதை வாடிக்கையாகக் கொண்டவர் என்றும், பேச்சால் பிறரை மயக்கும் வல்லமை உடையவர் என்றும், சம்பவத்தன்று சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டிக் கொடிய ஆயுதங்களுடன் தெருவில் புகுந்து, விலையுயர்ந்த பட்டு நெசவுப் பாவினை அறுத்துச் சேதப்படுத்தினார் என்றும் விசாரணையில் தெரிய வருகிறது."

2003ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காவல் நிலையத்தில் எழுதப்பட்ட வாசகம் இது. இதில் சரியாக இருப்பது 'க/பெ துரை' என்பது மட்டும்தான். அதிலும் துரை சற்று ஐயத்துக்குரியவர்.

அபிதகுசாம்பாளின் உயரம் நாலே முக்கால் அடி. அவள் பார்த்த அந்நிய தேசம் வேலூர். அங்கே போகும்போதும் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்துவிடுவாள். எட்டு வருஷத்தில் அவள் மதம் மாற்றியவர்கள் யாருமில்லை. கட்டிய புருஷனையே மாற்ற முடியவில்லை. பேச்சால் மயக்குவது பற்றிக் கேட்டால் தெருவே சிரிக்கும். அவள் வாயைத் திறந்தால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

ஆரணியில் அவள் வாழ்ந்த தெருவில் பட்டுத் தறி இல்லாத வீடு கிடையாது. அவள் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்பது சேலையின் நீளவாக்கில் ஓடும் நூல்கள். தறியில் பழைய பாவு முடியும் இடத்தில், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். முடிச்சு கூடாது, முறுக்கு மட்டும். ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் முறுக்கு. வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் செய்கிற வேலை. அவள் பிணைத்த இடத்தைத் துணியில் யாராலும் காட்ட முடியாது என்பதால், அவள் வாயைப் பொறுத்துக்கொண்டு தெருவே அவளைத்தான் கூப்பிட்டது.

அந்தச் சாம்பல்தான் அவளைக் கெடுத்தது என்று பிற்பாடு மாமியார் சொன்னாள். அது ஒரு வகையில் உண்மை. பிணைப்பதற்கு உமிச் சாம்பல்தான் நயம். அது அரிசி மில்லில் கிடைக்கும். 1994இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பல் அள்ளப் போனவள், மில்லுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ராமதாஸ் வேதம் வாசிப்பதைக் கேட்டாள். ராமதாஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர், காலனிக்காரர். வார நாளில் அவளை 'அக்கா' என்பார், ஞாயிறன்று மட்டும் 'சகோதரி' என்பார்.

அன்று அவர் வாசித்தது பவுல் வாங்கிய அடிகளின் பட்டியல். ஐந்து தரம் ஒன்று குறைய நாற்பதடி. மூன்று தரம் மிலாறடி. ஒரு தரம் கல்லடி. அபிதகுசாம்பாள் சாம்பல் கூடையோடு வாசலில் நின்றுவிட்டாள். மோட்சமும் பாவ மன்னிப்பும் அவள் காதில் ஏறவில்லை. ஒரு பெரிய மனிதர் தாம் வாங்கிய அடியை, இழை எண்ணுகிற மாதிரி, ஒன்று விடாமல் எண்ணி வைத்திருக்கிறார். அதுதான் அவளை நிறுத்தியது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் பிள்ளையில்லை என்பதற்காக அவள் வாங்கிய அடிகளை யாரும் எண்ணியதில்லை, அவளும் எண்ணியதில்லை.

"அந்த ஆளு இன்னா தொழிலு?" என்று வாசலிலிருந்தே கேட்டாள்.

"கூடாரம் பண்றவரு, சகோதரி."

"துணிக்காரனா! அதான பாத்தேன். இன்னொரு தபா படி."

ஞானஸ்நானத்துக்குக் கமண்டல நாகநதியில் இடுப்பளவு தண்ணீர் வேண்டும். ஐப்பசி வரை காத்திருந்தார்கள். ராமதாஸ் அவளுக்கு ரூத் என்று பெயர் வைக்க விரும்பினார்.

"எங்கப்பன் திருவண்ணாமலைக்கு நடந்தே போயி, அம்மன வேண்டிகினு வெச்ச பேரு இது. ரேஷன் கார்டு வேற இருக்குது. உங்க சாமி வாய்ல நுழையலன்னா பழகிக்கட்டும்" என்றாள். அம்மன் பெயரோடு ஆற்றில் இறங்கி, அம்மன் பெயரோடே கரையேறினாள்.

நெற்றியில் சாம்பல் வைப்பதை நிறுத்தினாள். விரலில் வைப்பதை நிறுத்த முடியாது. ஆக, தெருவிலேயே நாள் முழுக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரே பெண் அவள்தான்.

வேதத்துக்கான முதல் அடி ஒரு மாதத்தில் விழுந்தது. துரையின் தம்பி ஜெயவேல் ஒரே சுவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவன், நல்ல நெசவாளி, கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பவன். அவள் வேதப் புத்தகத்தை அரிசிப் பானையிலிருந்து தோண்டி எடுத்து, அவள் கையாலேயே அடுப்பில் போடச் சொன்னான். மாட்டேன் என்றாள். தறியில் ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் மரக்கட்டையான நாடாவுக்கு இரும்பு முனை உண்டு. அதை நெற்றியில் வீசினான். தோல் பிளந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது.

"பொட்டு வெக்க மாட்டேன்னா. இப்ப வெச்சிகினா பாரு" என்று அவன் சொல்ல, வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அபிதகுசாம்பாள் மறு கன்னத்தைக் காட்டவில்லை. சாம்பலை அள்ளி அவன் கண்ணில் அடித்தாள். அதற்கும் சேர்த்து விழுந்தது.

அன்றே கழிவுப் பட்டு நூல் ஒன்றை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிச்சு. ஆடி மாதக் கூழுக்கு அவள் வரவில்லையென்று குழாயடியில் முடியைப் பிடித்துச் சிமெண்டுத் தொட்டியில் மோதியது ஒரு முடிச்சு. இரண்டு பல் போனது அன்றுதான். அம்மை வந்த வருஷம், அம்மன் கோபத்துக்கு அவள்தான் காரணமென்று வேப்பங்கழியால் முதுகைக் கிழித்தது ஒரு முடிச்சு. 2002 முடிவதற்குள் முப்பத்தொன்று ஆகியிருந்தது.

ராமதாஸுக்கு அந்த நூல் பிடிக்கவில்லை. "அன்பு தீங்க நெனைக்காதுன்னு பவுல் எழுதியிருக்காரு, அக்கா. அறுத்துப் போட்டுடு."

"எழுதிட்டு அவரு மட்டும் எண்ணி வெச்சிகினாரே, அது எப்டி?"

ராமதாஸ் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

வேதத்தில் அவளுக்குப் பிடித்த இன்னொரு இடம் ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்ற கதை. அதிலும் ஸ்தேவான் வானத்தைப் பார்த்து ஜெபித்ததெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. கல்லெறிய வந்தவர்கள் முதலில் மேலாடைகளைக் கழற்றி, பக்கத்தில் நின்ற சவுல் என்கிற வாலிபன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள் என்று வருகிறதே, அந்த வரி. "கொல்லப் போறவனுக்கும் துணி மேல ஜாக்கிரத பாரு" என்று அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள். அந்தச் சவுல்தான் பிற்பாடு அடி வாங்கி எண்ணிய பவுல் என்று தெரிந்தபோது, ஒரு நாள் முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை.

மதமாற்றத்தைத் தடுக்கப் புதுச் சட்டம் வந்த சில மாதங்களில், தெரு கூடி ஒரு முடிவெடுத்தது. துரை வீட்டுப் பாவுக்கு இனி யாரும் கை கொடுக்கக் கூடாது.

பார்வைக்கு இது அடி இல்லை. ஆனால் அடியைவிட மோசம். புதுப் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சித் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுவதற்குள் இழை பிரித்துக் காய வைக்க வேண்டும். அதற்கு ஏழெட்டுப் பேர் பிடிக்க வேண்டும். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. இதற்குக் கூலி கிடையாது, கூப்பிடாமலே வருவார்கள்.

தை மாதத்தில் ஒரு விடிகாலை துரை அரக்கு நிறப் பாவை விரித்து, கஞ்சியும் தெளித்துவிட்டு நின்றார். ஒரு கதவும் திறக்கவில்லை. ஈரப் பட்டு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. துரை சாதுவான மனிதர். எந்தச் சண்டையிலும் யாருக்கும் எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனைவிக்கு ஆதரவாகவும் சொன்னதில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"யோவ், கஞ்சி காயுது. இன்னா பாத்துகினு நிக்கிற?" என்று அபிதகுசாம்பாள் மில்லுக்கு ஓடினாள். ராமதாஸும் மூட்டை தூக்கும் நாலு ஆண்களும் மூன்று பெண்களும் வந்தார்கள். பாவைப் பிடிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. நெல் மூட்டையைப் பிடிப்பது போலப் பிடித்தார்கள். அவள் வழி நெடுகத் திட்டித் திட்டிப் பிடிக்க வைத்தாள். பாவு நின்றது.

அவள் வேறு சாமி கும்பிட்டதை எட்டு வருஷம் முப்பத்தொரு அடியோடு பொறுத்த தெரு, காலனிக் கை பட்டுப் பாவில் பட்டதைப் பத்து நிமிஷம் கூடப் பொறுக்கவில்லை.

பதினைந்து பேர் வந்தார்கள், முன்னால் ஜெயவேல். பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை. வந்த வேகத்திலும் நின்று, அதைக் கழற்றி, மடித்து, பக்கத்தில் நின்ற அண்ணனிடம் நீட்டினான். துரை வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றிக் கொடுத்தார்கள். துரையின் இரண்டு கையும் சட்டைகளால் நிறைந்தது.

பாவுக்கழியால் ராமதாஸின் தலையில் அடித்தார்கள். மூன்றாம் அடியில் மண்டை பிளந்து, ரத்தம் அரக்குப் பட்டில் தெறித்தது. அரக்கு நிறம் என்பதால் தெரியவில்லை. ஒரு பெண்ணின் விலாவில் மிதித்தார்கள். மிதித்தவனின் கால் நழுவி, அவளை இன்னொரு முறை மிதித்தான். ஓடியவர்கள் மீது கல் வந்தது. அபிதகுசாம்பாள் ஜெயவேலின் முழங்கையைக் கடித்து, சதை வரும்வரை விடவில்லை. அவன் கத்தியை எடுத்தான். பாவின் இரண்டு முனையிலும் இழை வரிசை கலையாமல் காக்கிற மூங்கில் குச்சிகளை உருவினான். பிறகு நடுவில் குறுக்கே ஒரே இழுப்பில் அறுத்தான். நாலாயிரத்துச் சொச்சம் இழையும் மண்ணில் சுருண்டு விழுந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவளைக் கீழே தள்ளி, வலது கையை வாசற்படிக் கல்லில் வைத்து, உலக்கையால் இடித்தான். கை முழுவதையும் இடிக்கவில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், இரண்டு மட்டும். அவனும் நெசவாளிதான். எந்த விரலை உடைக்க வேண்டுமென்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இனிமே பிணைடி" என்றான்.

அப்போதுதான் கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: "டேய், பாவு யாருதுடா?"

அந்தத் தெருவில் எந்தப் பாவும் அதை நெய்கிறவனுக்குச் சொந்தமில்லை. பட்டு வியாபாரி கொடுப்பது. இந்தப் பாவு மாணிக்கவேல் முதலியார் தம் மகள் லாவண்யாவின் மாசி மாதக் கல்யாணத்துக்கென்று சாயம் போட வைத்துக் கொடுத்தது. முதலியார் கோயில் கமிட்டித் தலைவர். கை கொடுக்கக் கூடாது என்று முடிவு எடுத்த கூட்டமும் அவர் தலைமையில் நடந்ததுதான். ஆத்திரத்தில் தெரு தன் தலைவரின் பட்டையே அறுத்துவிட்டது.

ஜெயவேல் ஜல்தியாக யோசித்தான். காலனிக்காரர்கள்தான் அறுத்தார்கள் என்று புகார் எழுதப்பட்டது. முதலியாரும் கையொப்பமிட்டார்.

காவல் நிலையத்தில் அவள் முன் ஒரு காகிதம் வைக்கப்பட்டது. ராமதாஸ் பணமும் துணியும் கொடுத்துத் தன்னை மதம் மாற்றினார், பாவை அறுத்ததும் அவரே என்று அது சொன்னது. அதில் ஒப்பமிட்டால் அவள் சாட்சி. வீட்டுக்குப் போகலாம், தெருவும் பழையபடி ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் எதிரி.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எனக்குத் துணி குடுத்தானா? அவன் செருப்புக்கே ஊக்கு குத்திகினு சுத்தறான், சார்."

"கையெழுத்துப் போடும்மா. பேஜார் பண்ணாத."

துணி சுற்றிய வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அதனால இன்னா? சட்டத்துக்கு இடது கைப் பெருவிரல்தான் வேணும். அது நல்லாத்தான இருக்குது" என்றார் இன்ஸ்பெக்டர். மைப்பெட்டி வந்தது.

அபிதகுசாம்பாள் இடது பெருவிரலை உள்ளே மடித்து, மற்ற நாலு விரலையும் அதன் மேல் மூடிக்கொண்டாள்.

முதலில் ஒரு பெண் காவலர் விரலைப் பிரித்துப் பார்த்தார். பிறகு இரண்டு பேர். பிறகு விரல் முட்டியில் லத்தி. மேசை மேல் வைத்து அடித்தார்கள். தரையில் வைத்துப் பூட்ஸ் குதிகாலால் திருகினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு தரம் கேட்டார்கள். சேவல் கூவுவதற்குள் மூன்று தரம் மறுதலித்த பேதுருவை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. "அடிக்கக்கூட இல்ல, வேலக்காரப் பொண்ணு சும்மா கேட்டதுக்கே பயந்துகினான்" என்பாள். அவளிடம் பதினொரு தரம் கேட்டார்கள். எண்ணிக்கொண்டே வந்தாள். முடிச்சுப் போடக் கைதான் இல்லை.

மறுநாள் துரை டீ வாங்கிக்கொண்டு வந்தார். "வெச்சிடேன்மே. விரலுதான?"

"யோவ், அவுங்க சட்டையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டியா? கசங்கலியே?"

துரை அழுதார். அழுதுகொண்டே, கொடுத்துவிட்டேன் என்று சொன்னார். சவுல் பிற்பாடு பவுலானார். துரை கடைசிவரை துரையாகவே இருந்தார்.

இரண்டாம் நாள் மாலைக்குள் அந்தக் கை தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அவளே மனம் மாறித் திறக்க நினைத்திருந்தாலும் திறந்திருக்காது. முதல் நாளை விசுவாசத்தின் பங்கிலும் இரண்டாம் நாளை வீக்கத்தின் பங்கிலும் சேர்ப்பதுதான் நியாயம். பதிவேட்டில் இரண்டு நாளும் ஒரே நாளாக இருந்தது. 'எதிரி ஒத்துழைக்க மறுத்ததால் ரேகை பெறப்படவில்லை' என்று எழுதி, வேலூர் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தப் பயணத்திலும் கண்ணமங்கலத்தில் வாந்தி எடுத்தாள்.

அவள் சிறையிலிருந்தபோது மாணிக்கவேல் முதலியார் அறுந்த பாவைப் பார்க்க வந்தார். பாவைவிட, சுவரோரம் இருந்த மூங்கில் குச்சிகளை வெகு நேரம் பார்த்தார். அவை சீராக உருவப்பட்டு, நீளம் பார்த்து, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மூட்டை தூக்குகிறவனுக்கு அவற்றை உருவ வேண்டுமென்றே தெரியாது. தெரிந்திருந்தாலும் தூக்கி எறிந்திருப்பான். அறுக்கும் வெறியிலும் குச்சியை மிதிபடாமல் எடுத்து வைக்கிறவன் பிறவி நெசவாளியாகத்தான் இருக்க வேண்டும்.

முதலியார் புகாரைத் திருப்பி வாங்கவில்லை. அது கௌரவப் பிரச்சினை. ஜெயவேலைக் கிடங்குக்கு அழைத்து, நாலு ஆட்களை விட்டு அடிக்க வைத்தார். தாடை உடைந்தது, ஒரு கண் மூடிக்கொண்டது. ஒரே சாயத்தில் இன்னொரு பாவு கிடைக்காது. முகூர்த்தத்துக்கு முன் சேலை வராவிட்டால் மிச்சமிருக்கும் கண்ணும் போகும் என்று சொல்லி அனுப்பினார்.

அபிதகுசாம்பாள் பதினாறாம் நாள் ஜாமீனில் வந்தாள். நடுக் கூடத்தில் அறுந்த பாவைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் இழை தேடிக்கொண்டிருந்தான் ஜெயவேல். வரிசை குலைந்த இழைகள் அவன் விரலில் மேலும் சிக்கிக்கொண்டிருந்தன.

"அண்ணி" என்றான். உடைந்த தாடையில் அந்தச் சொல் குழறி வந்தது. எட்டு வருஷமாக அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"கைய எட்றா நாயே. இருக்கறதையும் சிக்காக்கிடுவ" என்றாள்.

தலையில் பதினாலு தையலோடு ராமதாஸ் மில்லிலிருந்து ஒரு கூடை உமிச் சாம்பல் கொண்டுவந்து வாசலில் வைத்தார். "சத்துருவ சிநேகிக்கிறியே, சகோதரி" என்று நெகிழ்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட இல்லை.

"சிநேகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாவு அறுந்து கெடந்தா என்னால பாத்துகினு இருக்க முடியல. போ, போயி மூட்டையத் தூக்கு."

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு லாவண்யா மணமேடை ஏறினாள். அபிதகுசாம்பாளுக்கு அழைப்பில்லை. மறு வருஷம் அந்தச் சட்டமும் போயிற்று, போதிய சாட்சியம் இல்லையென்று வழக்கும் போயிற்று. அடுத்த ஆடியில் ஜெயவேல் அவள் மீது கல்லெறிந்தான், ஆனால் தூரத்திலிருந்து. முப்பத்திரண்டாவது முடிச்சை உலக்கைக்கும் முப்பத்துமூன்றாவதை அந்தக் கல்லுக்கும் போட்டாள். நிலையத்து அடிகளுக்கு முடிச்சுப் போடவில்லை. அத்தனை நீள நூல் இல்லை என்றாள்.

வலது கையின் அந்த இரண்டு விரல்களிலும் எலும்பு கடைசிவரை கூடவில்லை. கல்யாணத்துக்கு முன், இடது கை வீக்கம் வடிந்ததும் அவள் அந்தப் பாவின் முன் உட்கார்ந்து, யாரும் மை தடவ முடியாத பெருவிரலில் சாம்பல் தொட்டு, பதினொரு நாளில் நாலாயிரத்து எண்ணூறு இழைகளையும் வரிசை தேடிப் பிணைத்து முடித்தாள்.